முகத்தலும் நிறுத்தலும்: அடர்த்திக் கணக்கின் வரலாறு பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

ஒரு பொருளின் நிறையை அதன் பருமனால் வகுத்தால் கிடைப்பது அதன் அடர்த்தி. இன்று உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவர் அனைவரும் இவ்வாய்பாட்டை அறிவர். அறிந்தும் வீட்டுக்கணக்கில் இடர்ப்படுவோர் பலர். கல் ஒன்றின் நிறையும் அது வெளியேற்றிய நீரின் அளவும் தரப்பட்டால் எதனை எதனால் வகுப்பது என்று மயங்குகின்றனர். கன செண்டிமீட்டரைக் கன மீட்டராக மாற்றுமிடத்து நூறால் பெருக்கிப் பிழைபடுகின்றனர். இம்மயக்கத்தை மாணவர்தம் சோம்பலாகக் கொண்டு ஒதுக்குதல் எளிது. ஆயின், இதன் அடியில் ஒரு நெடிய வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றைத் தமிழ் பயில்வோரும் அறிதல் வேண்டும் என்பதும் எம் கருத்து. என்னை? இதே மயக்கம் கல்வெட்டுக்களிலும் நிகண்டுகளிலும் காணும் அளவுகளை இற்றைநாள் அளவாக மாற்றி எழுதும் ஆராய்ச்சியாளர் பலரிடத்தும் உண்டு. மாணவர் செய்யும் பிழை ஒரு மதிப்பெண்ணோடு போகும். ஆராய்ச்சியாளர் செய்யும் பிழை ஒரு காலத்து உழவனின் கூலியையும் கோயிலின் செலவையும் திரித்துக் காட்டும்.

இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாகத் திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையை யாம் கொள்கின்றோம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதி இது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் வழங்கும் இத்தகைய ஊர்களில் இரு மொழிகளின் அளவைப் பெயர்களும் எதிர்ப்பட்டன. ஆதலின், அளவைகளின் வரலாற்றை ஆராய்வார்க்கு எல்லையூர் நல்லதொரு உரைகல் ஆகும்.

இலக்கணம் காட்டும் இருமை

தமிழில் அளவைப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் உள்ள வேறுபாடு மிகத் தொன்மையானது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி கூறுமிடத்து, அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துக்கள் ஒன்பது என வரையறுக்கின்றார். க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பன அவை. இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தரும் உரையாசிரியர்கள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பவற்றை அளவுப் பெயராகவும், கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பவற்றை நிறைப் பெயராகவும் பிரித்துக் காட்டுவர். உகரத்தை முதலாக உடைய நிறைப்பெயர் இன்மையின் நிறைப்பெயர் எட்டே ஆயின. இரண்டு பட்டியலையும் எதிரெதிர் வைத்து நோக்குக. ஒரு பெயரேனும் இரண்டிலும் வாராமை புலனாகும். முகந்து அளப்பது வேறு, தூக்கி நிறுப்பது வேறு என்னும் தெளிவு இலக்கண நூலோர்க்கு ஐயத்திற்கு இடமின்றி இருந்தது.

நன்னூலார் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காக்கினார். எழுத்ததிகார உரைமரபு அதனினும் நுட்பமாகச் சென்று எழுவகை கூறும். நிறுத்தளத்தல், பெய்தளத்தல், தேங்கமுகந்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், எண்ணியளத்தல் என்பன அவை. இவற்றுள் பெய்தளத்தலும் தேங்கமுகந்தளத்தலும் வெவ்வேறாக வைக்கப்பட்டமை எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. நெல்லைப் பெய்யும்போது மணிகளுக்கு இடையே வெற்றிடம் நிற்கும். நெய்யையும் நீரையும் தேங்க முகக்கும்போது இடைவெளி இல்லை. நாழி ஒன்றேயாயினும், நீர் நிரம்பிய நாழியில் நாழி நிறைய நீர் உண்டு. நெல் நிரம்பிய நாழியில் நாழி நிறைய நெல் இல்லை, நெல்லும் காற்றும் கலந்தே உண்டு. இற்றை இயற்பியலார் பெயலடர்த்தி என்றும் மெய்யடர்த்தி என்றும் பிரித்தறிய வேண்டும் என்று வற்புறுத்தும் வேறுபாட்டிற்கு உரிய வித்து இவ்விரு சொற்களில் அடங்கியிருத்தல் காண்க. அவர்கள் அடர்த்தியை அறிந்திருந்தனர் என்று இதனால் யாம் கூறவில்லை. வேறுபாட்டை உணர்ந்து பெயரிட்டனர் என்று மட்டுமே கூறுகின்றோம்.

இவ்விருமையைக் கருதாது பழம்பாடல்களைப் படிப்பதால் வரும் ஐயத்திற்கு ஒரு சான்று காட்டுவாம். அகநானூற்றின் 140ஆம் பாட்டிலும் 390ஆம் பாட்டிலும் உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பைக் கூவி விற்கின்றாள். நேர் என்றது எதில் நேர்? முகத்தலில் நேர் எனின், ஒரு நாழிக் கல்லுப்பு ஒரு நாழி நெல்லைப் போல் ஏறத்தாழ இருமடங்கு எடை உடையது. நிறுத்தலில் நேர் எனின், ஒரு நாழி உப்புக்கு ஏறத்தாழ இரு நாழி நெல் தரல் வேண்டும். பண்டமாற்றின் ஆதாயம் யார்பால் நின்றது என்பது இச்சிறு சொல்லின் பொருளைச் சார்ந்து இருமடங்காக மாறுகின்றது. நெல்லும் உப்பும் கூடையாலும் நாழியாலும் முகந்தே பெயரப்பெற்ற பண்டங்கள் ஆதலின் முகத்தலில் நேர் எனக் கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. எனினும், உரை எழுதுவோர் இவ்வினாவை எழுப்பாது செல்லுதல் கூடாது.

நாழியும் நெல்லெண்ணும்

இனி, முகத்தலளவை வாய்பாட்டை நோக்குவாம். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். திண்ணைப் பள்ளிகளில் நெல்லிலக்கம் என்னும் சுவடியாகச் சிறுவர் உரத்துச் சொல்லிப் பயின்றது இத்துறையே. கணக்கின்படி ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்திற்கு 96 நாழி.

காரி நாயனாரின் கணக்கதிகாரம் சார்ந்த மரபில் ஒரு நாழி கொள்ளும் பிற பண்டங்களின் எண்ணும் வழங்குகின்றன. அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,000 என்பன அவை. இவ்வெண்களை இதுகாறும் வியப்புக்குரியனவாகவே பலர் எடுத்துக்காட்டினர்; ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்தார் அரியர். ஒப்பிடுமிடத்து இரண்டு செய்திகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, எட்டின் ஆட்சி. 1,800ஐ எட்டால் பெருக்க 14,400 வரும். அதனை எட்டால் பெருக்க 1,15,200 வரும். அஃதாவது ஓர் அவரை அடைக்கும் இடம் எட்டு நெல் அடைக்கும் இடத்திற்கும், ஒரு நெல் அடைக்கும் இடம் எட்டு எள் அடைக்கும் இடத்திற்கும் சமமாக வைக்கப்பட்டுள்ளன. எள்ளின் எண்ணில் 200 மட்டும் விடுபட்டு முழுமையாக்கப்பட்டது போலும். நீட்டலளவையிலும் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல் என்னும் வாய்பாடு உண்டு. ஆனால் நீளத்தில் எட்டு மடங்கான பொருள், வடிவம் ஒத்திருப்பின், பருமனில் 512 மடங்காதல் வேண்டும். ஆகவே, இவ்விரு வாய்பாடுகளும் ஒரே எள்ளையும் ஒரே நெல்லையும் அளந்து பெற்றவை அல்ல. கண்ணால் எண்ணிய எண்ணை மனப்பாடத்திற்கு ஏற்ற எட்டின் அச்சில் வார்த்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

எட்டு என்னும் எண்ணுக்கு முகத்தலளவையில் மற்றொரு பொருத்தமும் உண்டு. ஒரு கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். எட்டு ஆழாக்கு ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். ஆதலின், மூன்றும் ஒரே வடிவினவாயின் ஆழாக்கின் உயரத்தைப் போல் நாழி இருமடங்கும் மரக்கால் நான்கு மடங்கும் இருந்தால் போதும். அளவைக்கலம் செய்த கைவினைஞர் இதனைக் கருதியே செய்தனர் என்று துணிதற்கில்லை. எனினும், கன செண்டிமீட்டர் மாற்றத்தில் இடர்ப்படும் மாணவர்க்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேறில்லை. நீளம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு; நீளம் நூறு மடங்கானால் கொள்ளளவு பத்து இலட்சம் மடங்கு. ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செண்டிமீட்டர் அடங்குதல் இவ்வாறே.

இரண்டாவது செய்தி, நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள உறவு. ஒரு நெல்லைக் குற்றினால் கிடைப்பது ஓர் அரிசி. எனவே, ஒரு நாழி நெல்லிலிருந்து, ஒன்றும் சிதையாவிடின், 14,400 அரிசி கிடைக்கும். ஒரு நாழியை நிரப்ப 38,000 அரிசி வேண்டுமாதலின், கிடைத்த அரிசி 14,400இன் கீழ் 38,000 பங்கு, அஃதாவது நாழியில் 0.379 பங்கே ஆகும். சோழர் கல்வெட்டுக்களில் கோயிற் படையலுக்கு நெல்லை அரிசியாக்கும் விகிதம் ஐந்திரண்டு வண்ணம் எனக் கூறப்படும். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அதன் பொருள், அது 0.4 பங்கு. மணிகளை எண்ணும் கணக்கு நூல் மரபும், கோயிற் பண்டாரத்தின் நடைமுறையும், தம்முள் தொடர்பின்றியே, 0.379 என்றும் 0.4 என்றும் இத்துணை நெருங்கி நிற்றல் கருதத்தக்கது. கணக்கு நூல் எண்கள் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு இது ஒரு சான்றாம்.

இவ்விகிதத்தை இற்றை நாள் ஆலைக் கணக்கோடு ஒப்பிடுவார் பெரும்பாலும் ஒரு பிழை செய்வர். அரசு கொள்முதலில் 100 கிலோகிராம் நெல்லுக்கு 67 கிலோகிராம் பச்சரிசி எனக் கணக்கிடுவர். 67 எங்கே, 40 எங்கே? சோழர் காலத்தில் பாதிக்குப் பாதி களவு போயிற்றோ என்று வினவத் தோன்றும். அன்று; முன்னது நிறுத்தல், பின்னது முகத்தல். நெல்லின் பெயலடர்த்தி இலிட்டருக்கு ஏறத்தாழ 0.57 கிலோகிராம், அரிசியின் பெயலடர்த்தி ஏறத்தாழ 0.8 கிலோகிராம். 100 இலிட்டர் நெல் 57 கிலோகிராம். அதில் நூற்றுக்கு 67 வீதம் கிடைக்கும் அரிசி 38.2 கிலோகிராம், அதனை 0.8ஆல் வகுக்க 47.7 இலிட்டர். ஆகவே, ஒப்பிட வேண்டியவை 67உம் 40உம் அல்ல, 48உம் 40உமே. மிகையாகத் தோன்றிய 27இல் 19 வெறும் அளவை மயக்கத்தால் வந்தது. எஞ்சிய எட்டுக்கு உலக்கையால் குற்றுவதில் நொய்யாகப் போவது, மிகத் தீட்டுவது, குற்றுவார்க்குரிய கூலி முதலியன காரணமாகலாம். அக்கூலி விகிதத்துள் அடங்கியதோ அடங்காததோ என்பது கல்வெட்டுதோறும் தனித்தனியே ஆராயத்தக்கது.

கோயிற் கணக்கில் நிறையும் அளவும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதல் இராசராசன் (985–1014) காலத்துப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் இவ்விருமையை வேறொரு வகையில் காட்டுகின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் தனித்தனியே வைக்கப்பட்டன. நெல்லை அளக்க, இராசகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்கால் இருந்தது. ஒரே திருப்பெயர் நிறைகல்லுக்கும் மரக்காலுக்கும் வழங்கியதைக் காணும் மாணவர், இரண்டும் ஓரளவையின் இரு வடிவம் என்று மயங்குதல் கூடாது. பெயர் இறைவனுடையது, அளவை வெவ்வேறு.

அக்கல்வெட்டுக்கள் அணிகலன்களின் நிறையைக் கூறுமிடத்து அரக்கு, சரடு முதலியன உட்பட நிறுத்ததோ, அவற்றை நீக்கி நிறுத்ததோ என்பதை வெளிப்படையாகக் குறிக்கின்றன. கணக்கர் எதற்காக இத்துணை நுணுக்கம் காட்டினர்? அணிகலன் ஒன்றாகச் செய்து முடிந்த பின்னர், அதனுள் பொன் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று தூக்கி அறிய இயலாது என்பதனாலேயே. மாற்று அறிய உரைகல் உண்டு. ஆனால் உரைகல் மேற்பரப்பை மட்டுமே காட்டும். உள்ளீட்டைப் பதிவேட்டால் காத்தனர் சோழர் கணக்கர்.

இதே இடர்ப்பாட்டை நீரால் தீர்த்தவராகச் சொல்லப்படுபவர் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூசு மன்னன் முடியில் வெள்ளி கலந்ததை, அது வழியச்செய்த நீரைக் கொண்டு அவர் கண்டறிந்தார் என்பது விற்றுரூவியசு என்னும் உரோமக் கட்டடநூலாசிரியர் கூறும் செய்தி. பதினோராம் நூற்றாண்டில் அல்-பிரூனி, நீர் வழியும் குழலுடைய கூம்புக் கலத்தால் உலோகங்களையும் மணிகளையும் ஒப்பிட்டு எண்கள் தந்தார். 1121இல் அல்-காசினி, நீரில் ஆழ்த்தி நிறுக்கும் துலாவைப் பற்றி அறிவுத் துலா என்னும் நூலை யாத்தார். அல்-பிரூனியின் எண்கள் இந்தியாவிற்கும் வந்தன. அக்பர் அவைக்கண் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அவை இடம்பெற்றுள்ளன. இராசராசன் காலமும் அல்-பிரூனி காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஓரிடத்தில் பதிவேட்டாலும் மற்றோரிடத்தில் நீராலும் ஒரே வினாவிற்கு விடை தேடினர்.

பெயரில்லாத விகிதம்

தமிழர்க்கு அடர்த்தி என்னும் கருத்து இல்லாதிருந்தமையைக் குறையாகக் கூறுவார் உளர். அவர் இரண்டை நினைவு கூர்தல் வேண்டும். ஒன்று, கிரேக்க வடிவியலில் விகிதம் என்பது ஓரினப் பொருள்களுக்கு இடையே மட்டும் கொள்ளப்பட்டது. நீளத்தை நீளத்தோடும் எடையை எடையோடும் ஒப்பிடலாம். எடையைப் பருமனால் வகுத்து ஒரு புதிய அளவு எனப் பெயரிடும் வழக்கம் அவர்க்கும் இல்லை. ஆர்க்கிமிடீசும் பருமன் ஒத்த பொருள்களின் எடைகளையே ஒப்பிட்டார். அடர்த்தி ஐரோப்பிய இயற்பியலில் அடிப்படைச் சொல்லாக முதலிடம் பெற்றது 1687இல் நியூட்டனின் பிரின்சிப்பியாவில். அந்நூலின் முதல் வரையறையே, பொருளின் அளவு அதன் அடர்த்தியாலும் பருமனாலும் அறியப்படும் என்பதாகும்.

மற்றொன்று, நம் நாட்டுக் கணக்கர்க்கு இவ்விகிதத்தின் வேலையைச் செய்யும் கருவி ஒன்று இருந்தது. இதற்கு இவ்வளவு எனின் அதற்கு எவ்வளவு என்னும் மூவிராசிக் கணக்கே அது. பாசுகரர் 1150இல் இயற்றிய இலீலாவதியில் நெற்குவியல் கணக்கு ஒன்று உண்டு. குவியலின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கித்து உயரத்தால் பெருக்கக் கன அளவு வரும். உயரத்தை அளக்க வேண்டுவதில்லை. பருந்தானியமாயின் சுற்றளவில் பத்தில் ஒன்று, நுண்டானியமாயின் பதினொன்றில் ஒன்று, வாலுடைய நெல் முதலியனவாயின் ஒன்பதில் ஒன்று. சுற்றளவு 60 முழமாயின் பருந்தானியக் குவியலின் உயரம் 6 முழம். கன அளவு 600 கன முழம். வாலுடைய தானியமாயின் 666 2/3. தானியத்தின் தன்மையே குவியலின் வடிவை முடிவு செய்கின்றது என்னும் நுட்பம் இதில் உளது. ஆனால் குவியலை எடையாக்கும் படி இங்கு இல்லை; கன முழம் நேரே காரி என்னும் முகத்தலளவையாகின்றது. முகத்தல் முகத்தலிலேயே முடிந்தது. நெல் வாழ்வில் எடை வேண்டப்படாத காலத்தில் எடைக்கும் பருமனுக்கும் பாலம் எதற்கு?

எல்லையூரில் இரு வாய்பாடுகள்

பாலம் வேண்டப்பட்டது பிற்காலத்தில். அதனை எல்லையூரில் நன்கு காணலாம். திருத்தணிப் பகுதி சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனோடு சென்றது. மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பின்னர், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இப்பகுதியில் நாழி, மரக்கால், கலம் என்னும் தமிழ் வரிசையும், கித்த, சோல, தவ்வ, மானிக, குஞ்சம், தூமு, புட்டி என்னும் தெலுங்கு வரிசையும் எதிர்ப்பட்டன. தமிழ் வரிசை எட்டெட்டாக ஏறிப் பன்னிரண்டு மரக்காலில் கலமாகும். தெலுங்கு வரிசையிலோ பதினாறு கித்த ஒரு மானிக, நான்கு மானிக ஒரு குஞ்சம், நான்கு குஞ்சம் ஒரு தூமு, இருபது தூமு ஒரு புட்டி. இவற்றோடு சேர் என்னும் சொல் எடைக்கும் முகத்தலுக்கும் பொதுவாயிற்று. தொல்காப்பிய உரைகாரர் இரண்டு பட்டியலில் ஒரு சொல்லேனும் கலவாது காத்த வரம்பு இங்கு உடைந்தது.

இதில் மாணவர்க்கு எச்சரிக்கையாக ஓர் எண்ணைக் காட்டுவாம். 1939ஆம் ஆண்டு எடைத்தரச் சட்டத்தின்படி ஒரு தோலா 180 குன்றியெடை போன்ற சிற்றெடை கொண்டது. ஆங்கிலேயர் அச்சிற்றெடையைத் தானிய மணியின் பெயரால் கிரெயின் என்பர். 80 தோலா ஒரு சேர். எனவே ஒரு சேர் 14,400 கிரெயின். ஒரு நாழியோ 14,400 நெல். எண் ஒன்றே, மணி என்னும் பொருளும் ஒன்றே. இதனைக் கண்டு சேர் நாழியிலிருந்து பிறந்தது என்று ஒருவர் எழுதப்புகின் அது பெரும்பிழையாம். முன்னது எடை, 933 கிராம். பின்னது கொள்ளளவைக் குறிக்கும் எண்ணிக்கை. ஆயிரம் நெல்லின் எடை வகைக்கேற்ப 20 முதல் 25 கிராம் எனக் கொண்டால் 14,400 நெல் 288 முதல் 360 கிராம், 0.57ஆல் வகுக்க அரை இலிட்டர் முதல் 0.63 இலிட்டர் வரை. எண் ஒத்தது தற்செயல். அளவின் பெயர் கூறாத எண் ஒன்றையும் உணர்த்தாது.

1956ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962அளவில் மெட்ரிக் எடை கட்டாயமாயிற்று. ஆகவே, பத்தாண்டுக்குள் எல்லையூர் மக்கள் இரு மாநிலங்களையும் இரு அளவை முறைகளையும் கண்டனர். கூலியாக மரக்கால் கணக்கில் நெல் பெற்றவர்க்குக் கிலோகிராம் கணக்கில் நெல் அளிக்கப்படின், எத்தனை கிலோகிராம் ஒரு மரக்காலுக்கு ஈடு? நெல்லின் வகை, ஈரம், தலைதட்டி அளந்ததோ குவித்து அளந்ததோ என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். அடர்த்தி என்பது பாடநூலுக்கு வெளியே, கூலி வாங்குவோர் முறத்திலே தோன்றிய வினா.

சொல்லின் வரலாறு

கருத்து வந்தபின் சொல் வேண்டும். 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் நிறுவிய தமிழ்ச் சாத்திர பரிபாசைச் சங்கமும், 1938இல் கலைச்சொற்கள் வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும், 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியமும், இலங்கை அரசகரும மொழித் திணைக்களமும் அறிவியற் சொல்லாக்கத்தில் முயன்றன. அடர்த்தி என்னும் சொல் இரு நாட்டிலும் ஒன்றாக நிலைத்தது. அடர்தல் என்பது நெருங்குதல். அடர்ந்த காடு என்னும் உலக வழக்கிலிருந்து பொருள் தெளிவாகக் கிடைத்தது. ஆயின் அடர்த்தியைக் கணிக்க உதவும் சொல்லில் இரு நாடும் பிரிந்தன. தமிழகத்துப் பாடநூலில் பொருளின் அளவு நிறை எனவும், புவி அதனை ஈர்க்கும் விசை எடை எனவும் வழங்கும். இலங்கையில் முன்னது திணிவு, பின்னதே நிறை. அங்கு நிறை விசையாகும், இங்கு நிறை விசையன்று. ஒரு நாட்டுப் பாடநூலை மற்றொரு நாட்டு மாணவர் பயின்றால் கணக்கு அடியோடு பிறழும். ஒப்படர்த்தி என இங்குச் சொல்வதை அங்குச் சாரடர்த்தி என்பர்; இதனால் கேடில்லை. நிறை என்னும் ஒரு சொல்லின் இருபொருளே கேடு தருவது.

தமிழ் மரபை நோக்கின் நிறை என்பது நிறைகோலால் அறியப்படுவது. ஈரிடத்தும் எடைக்கல்லோடு ஒப்பிடும் நிறைகோல், ஈர்ப்பு எவ்வாறு மாறினும் ஒரே விடையே தரும். அவ்வகையில் தமிழக வழக்கு மரபோடு இயைந்தது. திணிவு என்னும் இலங்கைச் சொல்லும் மரபில் வேரூன்றியதே; புறநானூற்றின் இரண்டாம் பாட்டு நிலத்தை மண் திணிந்ததாகவே காட்டும். அங்குத் திணிதல் செறிதல் ஆதலின், அச்சொல் அடர்த்திக்கே பொருந்தும் என வாதிப்பாரும் உளராகலாம். ஒருமைப்பாடு வேண்டுவார் இரு வழக்கின் நியாயத்தையும் எண்ணித் துணிதல் வேண்டும்.

கணக்குத் தீர்க்கும் முறை

இவ்வரலாற்றை வீட்டுக்கணக்கோடு பொருத்துவாம். கே.ஜி.கண்டிகையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர்க்கு இக்கணக்குத் தரப்பட்டதாகக் கொள்வோம்: ஒரு கல்லின் நிறை 150 கிராம், விளிம்பு வரை நீர் நிரப்பிய கலத்துள் அதனை இட 60 கன செண்டிமீட்டர் நீர் வழிகின்றது, கல்லின் அடர்த்தி யாது? முதற்கண் எது நிறுத்ததால் வந்தது, எது முகத்தலால் வந்தது என்று பிரித்தெழுதச் செய்க. 150 நிறுத்தது, 60 தேங்கமுகந்தது. கல்லுக்கும் நீருக்கும் இடையே வெற்றிடம் இல்லையாதலின் வழிந்த நீரின் பருமனே கல்லின் பருமன். பின்னர் மூவிராசியாகக் கேட்க: 60க்கு 150 எனின் ஒன்றுக்கு எவ்வளவு? 2.5 கிராம். கன மீட்டருக்கு வேண்டின், ஒரு கன மீட்டரில் 10,00,000 கன செண்டிமீட்டர் உண்மையின் 25,00,000 கிராம். அஃதாவது 2,500 கிலோகிராம்.

முடிக் கணக்கும் இவ்வாறே தீரும். 1,000 கிராம் எடையுள்ள முடி 60 கன செண்டிமீட்டர் நீரை வழியச் செய்கின்றது. பொன்னின் அடர்த்தி 19.3, வெள்ளியின் அடர்த்தி 10.5. முழுதும் பொன்னாயின் வழிவது 51.8. மிகுதி 8.2. ஒரு கிராம் பொன்னை எடுத்து ஒரு கிராம் வெள்ளி வைத்தால் பருமன் 0.0434 மிகும். 8.2ஐ அதனால் வகுக்க வெள்ளி ஏறத்தாழ 189 கிராம். தஞ்சைக் கணக்கர் அரக்கையும் சரடையும் தனித்தெழுதிக் காத்ததை, நீர் முடியை அழிக்காமலே சொல்லிவிடுகின்றது.

விதைநெல்லை உப்புநீரில் இடும் உழவரும் இக்கணக்கையே செய்கின்றனர். முட்டை மிதக்கும் அளவிற்கு உப்புக் கரைத்த நீரில் முற்றிய நெல் ஆழும்; பொக்கு மிதக்கும். நாழியில் பெய்தால் நெல்லும் பொக்கும் ஒரே இடத்தை அடைக்கும். நீரோ அவற்றின் வேறுபாட்டை வெளிப்படுத்தும்.

முடிவுரை

இவற்றால் அறியலாவன: முகத்தலும் நிறுத்தலும் தமிழ் மரபில் தொன்றுதொட்டு வேறுபட்ட இரு துறைகள். இலக்கண நூலோர் அவ்வரம்பை நன்கு காத்தனர். கணக்கு நூலோரும் கோயிற் கணக்கரும் இரண்டுக்கும் இடையே ஒரு பொதுப்பெயர் இன்றியே, பண்டந்தோறும் விகிதம் வகுத்து வாழ்வை நடத்தினர். அப்பொதுப்பெயரே அடர்த்தி. அதனை அறியாதவராய்ப் பழைய கலத்தை ஒரே எண்ணால் கிலோகிராமாக்கும் ஆராய்ச்சி, நெல்லை அரிசியாகவும் அரிசியை நெல்லாகவும் எண்ணி நூற்றுக்கு நாற்பது வரை பிழைபடும். ஆதலின் கல்வெட்டு அளவை எடுத்தாளும் மாணவர் ஒவ்வோர் எண்ணின் அருகிலும் மூன்று வினாக்களை எழுதி வைத்தல் நன்று. பெய்ததா, நிறுத்ததா? எப்பண்டம்? எந்த மரக்கால்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை கலத்தைக் கலமாகவே எழுதுதல் பிழையன்று, அதுவே நேர்மை.

இயற்பியல் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். நாழியும் மரக்காலும் பல வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நெல்லையும் பின்னர் அரிசியையும் பெய்து நிறுத்துக் காட்டுக. வாய்பாட்டைச் சொல்வதற்கு முன்னரே மாணவர் அடர்த்தியைக் கையால் உணர்வர்.